காரில் இருப்பவருக்குக் குளிராமல்

சட்டன்
லண்டன், 12.1.1987

என் அன்பு மகள் சந்திரவதனாவுக்கு,

நான் நல்ல சுகம். நேற்று நீ வந்து கால்மணி நேரம்கூட இருக்கவில்லை. பேத்திக்குப் பிசைந்த சோறு அப்படியே காய்ந்தது. ரமா என்று கூப்பிட்டால் இப்போது சிரிக்கிறாள். றோஸ்மலர் என்ற ஞானஸ்நானப் பெயர் எனக்கு வாயில் வராது, குறை நினையாதே.

காரில் இருப்பவருக்குக் குளிரும் என்று ஓடினாய். அதற்கு வழி இருக்கிறது. குசினியில் தேங்காயெண்ணெய் கட்டியாகி நிற்குமே, எஞ்சின் எண்ணெயும் அப்படித்தான் தடித்துப்போகும். இரவில் எஞ்சினை மூடும் பொனற்றுக்கு மேல் பழைய கம்பளியைப் போட்டு வையுங்கள். ஓடும்போது ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு கடதாசி மட்டை இருந்தால் ஹீற்றர் கெதியாய்ச் சுடும். வருகிற ஞாயிறு ஆறுதலாக இருந்து சாப்பிடு.

அன்புடன்,
அப்பா


பார்க்கிங்
கிழக்கு லண்டன், 14.1.1987

அன்புள்ள அப்பாவுக்கு,

கம்பளி, மட்டை இரண்டும் போட்டோம். கார் உடனே ஸ்டார்ட் ஆகிறது. உங்கள் பாடம் பிழைக்காது.

காரில் இருப்பவருக்கு எட்வேட் என்று பெயர். நாங்கள் கல்யாணம் முடித்து மூன்று வருடம். அன்றைக்கு நான் திரும்பி வரும்போது குளிரில் அவருடைய சொண்டு நீலம் பாரித்திருந்தது. “மாமா சாப்பிட்டவரோ?” என்றுதான் கேட்டார்.

அவரை உள்ளே கூப்பிடுவீங்களா? ஓம் என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

வதனா


சட்டன்
16.1.1987

என் அன்பு மகளுக்கு,

சொண்டு நீலமானது பற்றி நிறைய யோசித்தேன். நான் படிப்பித்த வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் அறை தானாகச் சூடாகும். தனியே ஒருவர் இருந்தால் சூடு காணாது. ஆகவே சுடுதண்ணிப் பை இரண்டு கொண்டு வாருங்கள், ஒன்று காலடிக்கு, ஒன்று மடிக்கு. எஞ்சின் ஓடும்போது ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைக்கச் சொல், புகை ஆபத்தானது. பிளாஸ்க்கில் தேத்தண்ணி தருவேன். ஊர் வழக்கப்படி அவர் குடிக்கவென்று தனியாக ஒரு தகரப் பேணியும் வாங்கி வைத்திருக்கிறேன்.

மற்றக் கேள்விக்கு என்ன எழுத? உனக்குத் தெரியாததா? ரமாவுக்குப் பருப்பும் சோறும் காத்திருக்கும்.

அன்புடன்,
அப்பா


பார்க்கிங்
19.1.1987

அப்பா,

நேற்று வந்தோம். நீங்கள் எழுதின எல்லாம் செய்தோம். உங்கள் வாசலில் காரை நிறுத்தி, மூன்று பேரும் அதற்குள்ளேயே இருந்து சாப்பிட்டோம். நீங்கள் சொன்னது சரி, ஆட்கள் கூட இருந்தால் சூடுதான். றோஸ்மலர் கோட்டையும் கழற்றிவிட்டாள்.

கர்ட்டன் அசைந்தது. “பொறும், கூப்பிடுவார்” என்றார் எட்வேட். பொறுத்தோம். கதவும் திறந்தது. பிளாஸ்க்கையும் பேணியையும் படியில் வைத்துவிட்டு மூடினீர்கள்.

படியில் வழுக்கும், பார்த்து இறங்குங்கோ. நாங்கள் தொடாமல் விட்டுவந்த பேணியை எடுத்து உள்ளே வையுங்கோ. இனி அது தேவைப்படாது.

சந்திரவதனா எட்வேட்