தவக்காலம் ஆடியில் வராது

பட்டாணிச்சூர்,
வவுனியா.
03.07.2025

அன்பின் கலிஸ்ரா,

நலமா? அம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டதா? வாட்ஸ்அப்பில் மூன்று தரம் கேட்டும் நீ பதில் போடவில்லை. அதனால் கம்பஸ் விடுமுறைகளில் எழுதிக்கொண்ட மாதிரியே கடிதம் எழுதுகிறேன். தபால்காரர் கையில் தந்ததை வரவில்லை என்று உன்னால் சொல்ல ஏலாது.

உங்கள் வாசகர் வட்டத்தின் ஆனி இதழ் எங்கள் பாடசாலைக்கும் வந்தது. 'பனி வந்ததும் போனதும்' என்ற உன் கட்டுரையை ஆசிரியர் அறையில் இருந்தே வாசித்து முடித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். பூமி சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, வருடத்தில் ஒருநாள் சூரியனுக்கு மிகக் கிட்டப் போகிறோம், இப்போது அந்த நாள் ஜனவரி தொடக்கத்தில் வருகிறது, பதினோராயிரம் வருடத்துக்கு முன் அது ஆண்டின் நடுவில் இருந்தது என்பதையெல்லாம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லியிருக்கிறாய். அந்த நாள் வடக்கின் கோடையில் விழுகிற காலங்களில் வெயில் கடுமையாகிப் பனி உருகும். குளிர்காலத்தில் விழுகிற காலங்களில் கோடை மந்தமாக இருக்கும். உருகாமல் மிஞ்சிய பனிக்கு மேல் அடுத்த வருடப் பனி விழும். கடுங்குளிர் அல்ல, வலுவில்லாத கோடைதான் பனிக்காலத்தைக் கொண்டுவருகிறது என்று நீ எழுதிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.

பிறகு உதாரணம் வந்தது. நாள் நகர்வதை விளங்கப்படுத்த, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய உங்கள் தவக்காலத்தைச் சொல்லியிருக்கிறாய்.

கலிஸ்ரா, அது நான் சொன்னது. மூன்றாம் வருடம், விடுதிச் சாப்பாட்டு மண்டபத்தில். நீ சோறு தின்றுகொண்டிருந்தாய், எனக்கு நோன்பு. ரமழான் வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னுக்கு வந்து, முப்பத்துமூன்று வருடத்தில் எல்லாப் பருவத்தையும் ஒருமுறை சுற்றிவிடும். சூரியனுக்குக் கிட்டுகிற நாளும் அப்படித்தான், திசை மட்டும் மறுபக்கம், ஒரு சுற்றுக்கு இருபத்தோராயிரம் வருடம் அளவில் எடுக்கும் என்றேன். "ஒருத்தரும் இப்பிடிச் சொல்லித் தரேல்லையடி" என்று நீ எச்சில் கையோடு எழுந்துபோய்க் கொப்பி எடுத்து வந்தாய்.

தவக்காலம் சுற்றி வருவதில்லை. ஒரு மாத இடைவெளிக்குள் முன்னும் பின்னுமாக ஆடுகிறது, அவ்வளவுதான். அது தொடங்குகிற விபூதிப் புதன் பெப்ரவரி நாலுக்கு முன்னும் வராது, மார்ச் பத்துக்குப் பின்னும் வராது. இதை நானா உனக்குச் சொல்லவேண்டும்?

இதழ்க் கட்டுரைகள் தொகுப்பாகவும் வரப்போகின்றனவாம். அதற்கு முன் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. நோன்பை ஏன் அதிலிருந்து எடுத்தாய்?

அன்புடன்,
றிம்ஸியா


சிலாவத்தை,
முல்லைத்தீவு.
14.07.2025

அன்பின் றிம்ஸியா,

உன் கடிதம் கிடைத்தது. பதில் போடாததற்குக் குறை நினைக்காதே. தவணைப் பரீட்சைத் தாள்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. அம்மா பரவாயில்லை. கடல் கொந்தளிப்பாக இருப்பதால் தம்பி மெல்ரொன் ஒரு கிழமையாகத் தொழிலுக்குப் போகவில்லை. வீட்டில் இருந்துகொண்டு என் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, "இதில எத்தினையை உண்மையா வாசிச்சனி?" என்று விசாரணை நடத்துகிறான்.

உதாரணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன்னோடு கதைத்தது மனதில் எங்கோ இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. இதழைப் பார்க்கிற நடராசா சேர் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த உதாரணமாக இருக்கவேண்டும் என்று விரும்பினார். இந்த வருடம் நோன்பும் தவக்காலமும் மார்ச் மாதத்தில் ஒன்றாகவே வந்தன அல்லவா? எதைச் சொன்னாலும் கருத்து ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். எளிமைக்காகச் செய்த சின்ன மாற்றம். வகுப்பிலும் வாசித்துக் காட்டினேன், பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கியது.

தொகுப்பு அச்சுக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன். நேரம் இருந்தால் திருத்தச் சொல்கிறேன்.

வாப்பாவையும் உம்மாவையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
கலிஸ்ரா


பட்டாணிச்சூர்,
வவுனியா.
22.07.2025

கலிஸ்ரா,

மெல்ரொன் கேட்டது நல்ல கேள்வி. அவனை என் சார்பில் தொடர்ந்து கேட்கச் சொல்.

அந்த உதாரணம் என்னுடையதும் இல்லை, வாப்பாவுடையது. அன்றைக்கு அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. வாப்பா முதல் நோன்பு பிடித்தது ஒன்பது வயதில், எண்பத்தைந்தில், எங்கள் ஊர் நீராவிப்பிட்டியில். வைகாசி வெயில். தாகத்தோடு இருந்தவருக்குக் கிணற்றில் வாளி தட்டுகிற சத்தமே காதில் கேட்டுக்கொண்டிருந்ததாம். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது அவருக்குப் பதினாலு வயது. புத்தளத்து முகாமில் நோன்பு மழைக்குள் வந்தது. ஓலைக்கூரை ஒழுக ஒழுக விடியமுன் எழும்பிச் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் பிறந்ததும் அங்கேதான். பிறகு நோன்பு ஒவ்வொரு மாதமாக முன்னுக்கு வந்து, 2018இல் திரும்பவும் வைகாசி வெயிலில் விழுந்தது. அப்போது வாப்பா திரும்பவும் நீராவிப்பிட்டியில் இருந்தார். முதல்நாள் நோன்பு திறந்து தண்ணீர் குடித்துவிட்டு, "இது நான் சின்னனில பிடிச்ச அதே நோன்புதான் மகள். சுத்திக்கொண்டு வந்திருக்கு" என்றார். பூமியின் பாதை பற்றிப் பாடத்தில் படித்தது அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

நீ எளிமைக்காக எடுத்தது இதைத்தான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த உதாரணம் என்று எழுதியிருக்கிறாய். நீராவிப்பிட்டிப் பிள்ளைகளும் அந்த இதழை வாசிக்கிறார்கள். உன் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான்.

எனக்கு என் பெயர் அச்சில் வரவேண்டும் என்று ஆசை இல்லை. நோன்பு வேண்டாம் என்று நடராசா சேர் சொன்னாரா, இல்லை அவர் சொல்லக்கூடும் என்று நீயே நினைத்தாயா? இதை மட்டும் எனக்கு உண்மையாக எழுது.

றிம்ஸியா


சிலாவத்தை,
முல்லைத்தீவு.
17.08.2025

அன்பின் றிம்ஸியா,

உன் கடிதத்தை மூன்று கிழமைக்கு மேல் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்திருந்தேன். வீட்டில் யாரும் என் கடிதத்தைத் தொடுவதில்லை. என்னிடமிருந்தே ஒளித்துவைத்தேன்.

நடராசா சேர் எதுவும் சொல்லவில்லை. உதாரணம் வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. நான்தான் செய்தேன்.

முதலில் நோன்பு என்றுதான் எழுதியிருந்தேன். திரும்ப வாசித்தபோது, இதைக் கண்டால் யாரும் "ஆர் உமக்கு இதைச் சொன்னது?" என்று கேட்பார்கள் என்று தோன்றியது. கேட்டால் உன்னைச் சொல்லவேண்டும். அந்தக் கட்டுரையில் எல்லோரும் புகழக்கூடியது அந்த ஒரு பந்தியைத்தான் றிம்ஸியா. மற்றதெல்லாம் புத்தகங்களில் இருப்பது. அதனால் வெட்டினேன். அது களவு, அதற்கு வேறு பெயர் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை நாள் எடுத்தது. இதழ் வெளியீட்டு மேடையில் நோன்பு என்று வாசித்தால் முன்வரிசையில் இருக்கிற எங்கள் ஆட்களின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒருவரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள், சுளிக்கக்கூடியவர்கள் என்றுகூட நான் சொல்லமாட்டேன். அந்த முகங்களை நானே எனக்குள் வரைந்து, அவற்றுக்குப் பயந்து உன்னை வெளியே எடுத்தேன். 2019இல், உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு, விடுதி வாசலில் உன் பையை மட்டும் காவலாளி திறக்கச் சொன்னபோது, நான் என் பையையும் நிலத்தில் கவிழ்த்துக் காட்டினேன். அதை நினைத்து நினைத்தே நான் நல்லவள் என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன். பையைக் கவிழ்க்கும்போது பார்க்க ஆட்கள் இருந்தார்கள். பேனையால் வெட்டும்போது ஒருவரும் இல்லை.

பிள்ளைகளுக்கு விளங்கியது என்று எழுதியதும் பொய். வாசித்து முடித்ததும் யதுர்ஷிகா என்ற பிள்ளை எழும்பி, "ரீச்சர், தவக்காலம் எப்பவாவது ஆடியில வருமோ?" என்று கேட்டாள். ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து தவக்காலம் அனுசரிக்கிற நான், "ஆயிரம் வருசம் போனால் வரும், இரும்" என்றேன். பின் வாங்கு வரிசையில் இருந்த ஒருத்தி, "அப்ப டிசம்பர் நத்தாரும் சித்திரையிலயோடி?" என்று அவளைக் கேலி பண்ண, வகுப்பே சிரித்தது. நான் பிள்ளைகளின் சிரிப்பை நிறுத்தவில்லை. அவள் பிறகு அந்தத் தவணை முழுக்க ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பத்தாம் திகதி தொகுப்பின் வெளியீட்டு விழா. ஒலிவாங்கியில் எல்லாவற்றையும் சொல்வது என்று போனேன். எல்லோருக்கும் நன்றி சொன்னேன், வந்து கதிரையில் இருந்தேன். அடுத்தநாள்தான் நடராசா சேர் வீட்டுக்குப் போனேன். உனக்கு எழுதிய கடிதத்தில் பழியை அவர்மேல் போட்டதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நோன்பு எண்டு நீர் தந்திருந்தால் அப்பிடியே போட்டிருப்பன் பிள்ளை. என்ர பேரை ஏன் உதுக்குள்ள இழுத்தனீர்?" என்று கேட்டார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். தேத்தண்ணி தந்துதான் அனுப்பினார்.

நானூறு பிரதி அச்சடித்திருந்தார்கள். திருத்தத் தாள் ஒன்று எழுதி, வாசகர் வட்ட மண்டபத்தில் இருந்து ஒவ்வொன்றிலும் என் கையால் ஒட்டினேன். விழாவன்று ஐம்பத்திரண்டு பிரதி வெளியே போயிருந்தது. வீடு வீடாகப் போய் நாற்பத்தைந்தைப் பிடித்துவிட்டேன். ஒவ்வொரு வாசலிலும் ஏன் வந்தேன் என்று சொல்லவேண்டியிருந்தது. தாளில் உள்ளது இதுதான்:

"பக்கம் 31இல் தவக்காலம் பற்றிய உதாரணம் பிழையானது. தவக்காலம் பருவங்களைச் சுற்றி வருவதில்லை. சரியான உதாரணம் ரமழான் நோன்பு. அதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் தோழி றிம்ஸியா. அவருக்குச் சொன்னவர் நீராவிப்பிட்டியைச் சேர்ந்த அவருடைய தந்தை சிறாஜ். நான் அதை என்னுடையதுபோல எழுதி, அவர்களை மறைத்தேன். கலிஸ்ரா."

வகுப்பிலும் இதை வாசித்து யதுர்ஷிகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அண்டைக்கே தெரியும் ரீச்சர். பக்கத்து வீட்டு அன்ரி தவக்காலமெண்டு மார்ச்சிலதான் இறைச்சி காய்ச்சிறேல்ல" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று நீ எழுதவேண்டும் என்று கேட்கமாட்டேன். விடுமுறைக்கு நீ ஊருக்கு வரும்போது நான் வந்து உன்னையும் வாப்பாவையும் பார்க்கலாமா? அதை மட்டும் எழுது.

வெட்கத்துடன்,
கலிஸ்ரா


பட்டாணிச்சூர்,
வவுனியா.
29.08.2025

கலிஸ்ராவுக்கு,

புத்தகம் வந்தது. போன ஞாயிறு ஊருக்குக் கொண்டுபோய் வாப்பாவிடம் கொடுத்தேன். ஒட்டியிருந்த தாளை இரண்டு தரம் வாசித்தார். கடைக்கார மீராசாகிபு மாமாவுக்குக் காட்டவேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனவர், பின்னேரம்தான் திரும்பினார். அங்கே நாலைந்து பேருக்குப் பூமியின் பாதையை விளங்கப்படுத்தியிருக்கிறார். பனிக்காலத்தில் கடல் நூற்றிருபது மீற்றர் கீழே இறங்கி இந்தியாவுக்கு நடந்துபோகலாமாயிருந்தது என்று நீ எழுதியதை ஒருவரும் நம்பவில்லையாம். "அந்தப் பிள்ளையை வரச்சொல்லு, வந்து இவனுகளுக்குச் சொல்லட்டும்" என்றார். அவருக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை. இதைவிடப் பெரிதுகளைப் பார்த்துவிட்டு அவர் திரும்பி வந்து குடியிருக்கிறார்.

நீ செய்தது சுலபமான வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். நாற்பத்தைந்து வாசலில் நின்றிருக்கிறாய். நான் அப்படி நின்றிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. யதுர்ஷிகாவைக் கேள்வி கேட்க வை. அதை விடாதே.

திருத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு சொல்லைத் தவிர. 'என் தோழி' என்று போட்டிருக்கிறாய். அதை எழுத முன் என்னைக் கேட்டிருக்கலாம். ஒட்டியதைக் கிழிக்கச் சொல்லவில்லை. அடுத்த பதிப்பு வந்தால் பெயர் மட்டும் போதும்.

வாப்பாவைப் பார்க்கப் போ. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பார். சனிக்கிழமைகளில் போ. நான் ஊருக்குப் போவது ஞாயிறுகளில்.

சி. றிம்ஸியா