சுகி ஏறும் ஆறு ஐம்பது பஸ்

ரொறன்ரோ, பெப்ரவரி 2, திங்கள்

மைனஸ் பத்தொன்பது. இரவு முழுக்க எஞ்சின் சூடாக்கும் பிளக்கில் கிடந்தும் என் பள்ளிக்கூட பஸ் மூன்றாம் தரம்தான் ஸ்டார்ட் எடுத்தது. எலஸ்மியர் ரோட்டில் பிள்ளைகள் மூக்கு மட்டும் தெரிய நின்றார்கள். ஒருத்தன் ஒற்றைச் சப்பாத்தோடு ஏறினான். மற்றதை வீட்டில் இன்னும் தேடுகிறார்களாம்.

பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நிற்கும்போது அயர்லாந்திலிருந்து தங்கச்சி சுகியின் போன். குரல் சரியில்லை. அவள் வேலைக்குப் போகும் காலை ஆறு ஐம்பது பஸ் இந்த மாதத்தோடு நிற்கப்போகிறதாம். ஏறுகிற ஆட்கள் காணாதாம். கம்பத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அவள் வேலை செய்யும் முதியோர் இல்லம் ஊருக்கு வெளியே, கடற்கரைப் பக்கம். காலையில் வேறு பஸ் கிடையாது. லைசன்ஸ் இல்லை. இல்லத்துக்குக் கிட்ட வாடகைக்கு ஒரு அறையும் இல்லை. அந்த வேலைக்குத்தான் அவளுக்கு அந்த நாட்டில் இருக்கப் பெர்மிட். நேரத்துக்குப் போகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் பெர்மிட் இல்லை. அதற்குப் பிறகு திரும்பி இலங்கைக்கு, கட்டுநாயக்கா விமான நிலையம்தான்.

“டாக்சி?” என்று கேட்டேன்.

“அண்ணை, இது ஸ்காபரோ இல்லை. இஞ்ச இருக்கிறது ஒரு டாக்சி. அந்தாளும் பாதி நாள் மாடு பாக்கப் போயிடும்.”

“அப்ப எம்.பி.யைப் பிடி. ஆரும் தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு போ. தனியப் போனா ஆர் கதைப்பினம்?”

எம்.பி.க்குக் கொடுக்கிற மனுவின் முதல் வரியை நானே ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தேன். மாண்புமிகு, பெருமதிப்புக்குரிய, எல்லாம் போட்டு.

வாங்க வேண்டியது: கார்க் கண்ணாடி கழுவும் தண்ணீர், பால், வதனியின் முழங்கால் எண்ணெய்.

பெப்ரவரி 7, சனி

பனி. காரைத் தோண்டி எடுத்ததில் முதுகு பிடித்துவிட்டது. “உங்களுக்கு வயசு இருபத்தஞ்சோ?” என்று மனைவி வதனி. எண்ணெய் அவளுக்கு வாங்கினது, பூசினது எனக்கு.

சுகி எம்.பி.யைப் பார்த்துவிட்டாள். கூட்டிக்கொண்டு போக ஒருவரும் இல்லை, தனியத்தான் போனாளாம். பெயர் டெக்லன். சனிக்கிழமைகளில் அவர் சனத்தைச் சந்திக்கிற இடம் ஒரு பப்பின் பின்னறை. இவள் வாழ்க்கையில் பப்பின் வாசற்படி மிதித்தவள் இல்லை. வெளியே நின்று யோசித்துக்கொண்டிருக்க, உள்ளே இருந்து ஒரு கிழவர் கதவைத் திறந்து பிடித்தாராம், “குளிர் உள்ள வருது பிள்ளை” என்று.

அவளுக்கு முன்னால் இருந்தவர்கள்: வீட்டுக்கு முன் வாய்க்கால் அடைத்தவர். புருசனின் இடுப்பு ஒப்பரேசனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் மனுசி. அயலவனின் நாய் தன் ஆட்டைக் கடித்துவிட்டது என்று ஒருவர். எல்லாருக்கும் ஒரே மேசை, ஒரே எம்.பி.

“அண்ணை, உங்கட மனுவை வாசிக்கேல்லை. மடிச்சுப் பக்கத்தில வைச்சிட்டார்.”

“எனக்குத் தெரியும்.”

“கேளுங்கோவன். வைச்சிட்டு, எங்க நிண்டு பஸ் ஏறுறனீர் எண்டு கேட்டார். தேவாலயத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. மழைக்கு ஒதுங்க இடமிருக்கோ. கூட ஏறுறது ஆர் ஆர். வளைவில தண்ணி நிக்கேக்க டிரைவர் என்ன செய்வார். எல்லாம் கேட்டார்.”

கொண்டுபோன பயற்றம் பணியாரத்தில் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைக் காத்திருந்தவர்களிடம் கொடுத்தனுப்பினாராம். “சேர்” என்றதற்கு “டெக்லன்” என்று திருத்தினாராம். தனக்கு அந்த நாட்டில் எம்.பி. தேர்தலில் ஓட்டு இல்லை என்பதையும் இவளே சொல்லியிருக்கிறாள், பிறகு ஏமாற்றினது போல் ஆகக்கூடாது என்று.

“அதுக்கு என்ன சொன்னவர்?”

“நான் அதைக் கேட்டனானோ எண்டார்.”

அரசியல்வாதிகள் எனக்குக் கை தந்து குலுக்கியிருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் தோளில் கை போட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். நீ எங்கே நின்று பஸ் ஏறுகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. நம்புவதா விடுவதா தெரியவில்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

சும்மா இருக்க முடியவில்லை. ஒரு எம்.பி.யை அசைக்க நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எல்லாருமாகச் சேர்ந்து எழுதித் தள்ளுவது. கோயில் பார்க்கிங் பிரச்சினைக்கு அப்படித்தான் செய்தோம். ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்து, டெக்லனின் முகவரியோடு சொந்தக்காரர் வாட்ஸப் குழுவில் போட்டேன். வதனி தன் பக்கத்துச் சொந்தக்காரர் குழுவில். எங்கள் ஊர் மணியண்ணை பழைய மாணவர் சங்கக் குழுவில்.

பின்னேரத்துக்குள் கடித மழைதான். ரெக்ஸ்டேல் மச்சான் அனுப்பிவிட்டான். றிச்மண்ட் ஹில் சித்தி தன் வீதிக்கும் பஸ் வேண்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறா. மணியண்ணை நாலு பக்கம், அதில் பஸ் கடைசிப் பந்தியில்தான் வருகிறது.

மகள் அபி போனை வாங்கிப் பார்த்தாள். “அப்பா, திஸ் இஸ் ஸ்பாம். லைக், லிட்டரலி ஸ்பாம்.”

“இது ஆதரவு.”

“அவருக்கு நீங்க ஆரெண்டே தெரியாது.”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒற்றுமையின் பலம் தெரியாது.

பெப்ரவரி 12, வியாழன்

தெரியாதது எனக்குத்தான்.

சுகி எடுத்தாள். போனில் வணக்கம் இல்லை, சுகமோ இல்லை. “அண்ணை, ஆர் உங்களைக் கேட்டது?”

டெக்லனின் அலுவலகத்தைப் பார்க்கும் மனுசி, பிறீடா என்று பெயர், இவளை வேலையிடத்துக்கே அழைத்திருக்கிறா. இன்பொக்ஸ் முழுக்க கனடாவாம். அந்த இடுப்பு ஒப்பரேசன் மனுசியின் கடிதம் எங்கோ அடியில் போய், ஒரு நாள் முழுக்கத் தேடி எடுத்தார்களாம். இல்லத்து மேட்ரனுக்கும் தெரிந்துவிட்டது. கடைக்காரன் மிச்சக்காசு தரும்போது, “நீர்தானா அந்த ரொறன்ரோக்காரரின்ர ஆள்?” என்று கேட்டானாம்.

“அந்தாள் என்னை நம்பிக் கதைச்சது. இப்ப நான் ஆள் வைச்சு வெருட்டினமாதிரிக் கிடக்கு. இனி என்னெண்டு அந்தாளின்ர முகத்தில முழிக்கிறது?” அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

எனக்கு வெட்கம். டெக்லனுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு ஈமெயில் எழுதினேன். அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது, அதுவும் ரொறன்ரோவிலிருந்து இன்னொன்று. அழித்துவிட்டேன்.

வாட்ஸப்பில் போட்டேன்: நிறுத்துங்கோ. மணியண்ணை கட்டைவிரல் உயர்த்தினார். பிறகு, தான் இரண்டாவதும் அனுப்பிவிட்டதாக எழுதினார்.

பெப்ரவரி 14, சனி

நான் அழைத்தும் சுகி போன் எடுக்கவில்லை. வதனிக்குப் பூ வாங்க மறந்தது தனிக் கதை.

பெப்ரவரி 17, செவ்வாய்

நேற்று குடும்ப தின லீவு. இன்று மைனஸ் ஆறு, வெயில், கண் கூசும் பனி.

எட்டே முக்காலுக்கு சுகியின் செய்தி, ஒரே வரி. “இண்டைக்குப் பாராளுமன்றத்தில பஸ் வருது, உங்கட ஒன்பது மணிக்குப் பிறகு.” கூடவே இணைப்பு. அண்ணை என்று போடவில்லை.

டோர்செட் பார்க்கில் மூடிக்கிடக்கும் ஒரு கடைக்குப் பின்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் போனை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்தேன். நான் எதிர்பார்த்தது நிறைந்த சபை, கூச்சல், மேசையில் அடிப்பது. அங்கே இருந்ததோ வெறும் கதிரைகள். சபாநாயகர் ஆசனத்தில் ஒரு மனுசி, முன்னால் கோப்போடு ஒரு துணை அமைச்சர், தூரத்து மூலையில் ஒருவர். அந்த மூலையில் இருந்தவர்தான் டெக்லன். தலைமுடி கலைந்து, கோட் கொஞ்சம் பெரிது. சைக்கிள் கடை வைத்திருக்கிறார் என்றால் நம்பலாம்.

நாலு நிமிசம்தான் தருவார்களாம். எழுந்து, பஸ்ஸில் தொடங்கினார். தேவாலயத்தைத் தாண்டி, மதகைத் தாண்டி, தண்ணீர் நிற்கும் வளைவு. ஒதுங்க ஒரு கூரை இல்லாத கம்பம். அங்கே இருட்டில் நிற்பவர்கள்: பள்ளிக்கூடத்தில் சமைக்கும் மனுசி, இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகும் மனிதர், தூரதேசத்திலிருந்து வந்து எங்கள் தாய் தகப்பனைக் கழுவி ஊட்டிவிடும் ஒரு பெண். பெயர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் அது ஆர் என்று. போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

பிறகு அந்தக் கம்பத்தடியிலிருந்து நாடு முழுக்கப் போனார். இந்தப் பெண் ஏன் வேலையிடத்துக்குக் கிட்டக் குடியிருக்கவில்லை? வீடு இல்லை. ஏன் இல்லை? அதற்கு இரண்டு வசனம். ஏன் வேறு வேலைக்கு மாறவில்லை? பெர்மிட் விடாது. ஏன்? அதற்கும் இரண்டு வசனம். கிராமத்தில் ஒரு பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் கடைசியில் எதையெல்லாம் நிறுத்துகிறார்கள் என்று அமைச்சர் எண்ணிப் பார்க்கட்டும் என்றார். சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டில் கதைப்பதுபோலத்தான் இருந்தது.

நேரம் முடியப்போகிறது என்று சபாநாயகர் கை காட்டினார். அப்போது டெக்லன் சொன்னார், ரொறன்ரோ என்று. போனின் சத்தத்தைக் கூட்டினேன்.

இந்த பஸ்ஸைப் பற்றித் தலைநகர் டப்ளினிலிருந்து எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை, ரொறன்ரோவிலிருந்து நிறைய வந்தது, என்றார். முதலில் எரிச்சல்பட்டேன் என்றும் சொன்னார். பிறகு இருந்து வாசித்தேன். எல்லாம் அந்தப் பெண்ணின் சொந்தக்காரர். எங்கள் அயர்லாந்து ஆட்களும் ஒரு காலம் வெறுங்கையோடு அந்த நகரத்துக்குக் கப்பலேறினவர்கள்தான், ஊரில் விட்டுவந்தவர்களை நினைத்து அவர்களும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் குறைவு என்று அமைச்சரின் தாளில் இருக்கும். ஒரு ஆள் ஏறினால் அவருக்குப் பின்னால் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எனக்கு இப்போது தெரியும், என்று முடித்தார்.

துணை அமைச்சர் தாளைப் பார்த்து வாசித்தார். உறுப்பினருக்கு நன்றி, இது போக்குவரத்து அதிகார சபையின் பொறுப்பு, பரிசீலிக்கப்படும். ஒரு தரமும் தலை நிமிரவில்லை.

டெக்லனுக்குப் பதில் சொல்ல இன்னும் ஒரு நிமிசம். “அமைச்சர் திங்கட்கிழமை என்னோடு அந்த பஸ்ஸில் வரட்டும். வராவிட்டாலும் நான் நிற்பேன், ஆறு ஐம்பதுக்கு.” அவ்வளவுதான். அடுத்தவர் எழுந்து வேறு ஊர்க் கழிவுநீர்க் குழாயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

பஸ்ஸுக்குள் தனிய இருந்து அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம். பாராளுமன்றம் என்றால் பெரிய பெரிய சொல் பேசுகிற இடம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். வெறும் கதிரைகளுக்கு முன்னால் ஒரு மனிதன் எழுந்து நின்று, என் தங்கச்சி நிற்கிற கம்பத்தை ஒரு நாட்டின் பதிவேட்டில் எழுதிவைக்கிறான்.

சுகி எடுத்தாள். “மணியண்ணையின்ர நாலு பக்கத்தையும் வாசிச்சிருப்பாரோ?” என்று கேட்டாள். சிரித்துவிட்டோம்.

பெப்ரவரி 19, வியாழன்

அபி அந்த வீடியோவைச் சாப்பாட்டு மேசையில் இரண்டு தரம் பார்த்தாள். “ஹீ நோஸ் த பெண்ட். லைக், தண்ணி நிக்கிற வளைவை.” கொஞ்சம் பொறுத்து, “அப்பா, எங்கட எம்.பி. ஆர்?”

யோசித்தேன். வதனியைப் பார்த்தேன். அவள் சோறு போட எழும்பிவிட்டாள்.

பெப்ரவரி 23, திங்கள்

உறைமழை. பாதி ரூட் ரத்து. வீட்டில்தான்.

அங்கே சொன்னபடி டெக்லன் வந்தார். அமைச்சர் வரவில்லை. ஆறரைக்கே கம்பத்தடியில் நனைந்துகொண்டு நின்றாராம். சுகி பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேத்தண்ணி கொடுத்திருக்கிறாள். தும்மிவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று கேட்டாராம். வளைவில் தண்ணீர் நின்றது. டிரைவர் ஊர்ந்து எடுத்தான். இவர் எழும்பி நின்று படம் பிடித்தார்.

கூத்து பிறகுதான். இல்லத்து வாசலில் அவளோடு இறங்கிவிட்டார். திரும்பிப் போக மத்தியானம் வரைக்கும் பஸ் இல்லை என்பது அவருக்கே தெரியாது. “அப்ப நீர் வேலை முடிஞ்சு எப்பிடிப் போறனீர்?” என்று கேட்டாராம். பின்னேர பஸ்ஸுக்காகச் சமையலறையில் காத்திருப்பதைச் சொல்லியிருக்கிறாள். அவர் உள்ளே வந்து கிழவர்களோடு இருந்து கஞ்சி குடித்தாராம். ஒரு கிழவி அவரின் தகப்பனையே தெரியும் என்றும், தகப்பன் இவரைவிட அழகு என்றும் சொன்னாவாம்.

டப்ளின் கூட்டம் ஒன்று தவறிவிட்டது. அங்கே அவர் போன் எடுத்துச் சொன்னது சுகிக்குக் கேட்டிருக்கிறது. “நான் வரேலாது. பஸ் இல்லை.”

பெப்ரவரி 27, வெள்ளி

அங்கே இன்று கடைசி பஸ். ஒரு பதிலும் இல்லை. பிறீடாவைக் கேட்டாளாம். “அவர் இன்னும் முயற்சியை விடவில்லை” என்பது மட்டும்தான் பதில். மேட்ரன் திங்கள் ஒரு நாளைக்குக் கம்பத்தடிக்கு வந்து தன் காரில் ஏற்றிப் போகிறேன் என்றிருக்கிறா. ஒரு நாளைக்கு. பிறகு?

“இறங்கேக்க டிரைவர் கை தந்தவர் அண்ணை,” என்றாள். “பஸ் இனி ஓடுமோ எண்டு தனக்கும் தெரியாதாம்.”

வதனி சாமிக்கு விளக்கு ஏற்றினாள். நான் கண்ணாடி கழுவும் தண்ணீர் வாங்கப் போய், அதை விட்டுவிட்டு எல்லாம் வாங்கிவந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

பனி உருகுகிறது. எங்கும் சேறு. சுகியிடமிருந்து ஒன்றும் இல்லை. எங்கள் எம்.பி.யின் பெயரை அபி கண்டுபிடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். அடியில், தான் பஸ் ஏறும் இடத்தில் ஒதுங்கக் கூரை இல்லை என்றும் எழுதியிருக்கிறாள்.

மார்ச் 2, திங்கள்

மைனஸ் மூன்று. ஐந்தரைக்கு பஸ் யார்டில். பஸ்ஸைச் சூடேற்றிவிட்டுப் போனைத் திறந்தேன். நான் நித்திரையாக இருந்த நேரத்தில் சுகியின் குரல் பதிவு ஒன்று வந்து கிடந்தது.

முதலில் பேச்சே இல்லை. மழை. காற்று. பிறகு தூரத்தில் டீசல் இயந்திரம், கியர் குறைத்து வளைவில் ஊர்கிற சத்தம். எத்தனை வருசம் ஓட்டுகிறேன், அது எனக்குத் தெரியாதா? பிரேக். கதவு புஸ்ஸென்று திறக்கிறது. டிரைவரின் குரல், ஆறு மாதத்துக்கு நீட்டியிருக்கிறார்களாம், நேற்று இரவுதான் தனக்குச் சொன்னார்களாம், படி வழுக்கும், கவனம்.

“ஏறீட்டன் அண்ணை.”

கதவு மூடுகிறது.

இரண்டு தரம் கேட்டேன். வாட்ஸப் குழுவில் போடவில்லை. வெளிக்கிட நேரமாகிவிட்டது, முதல் நிறுத்தத்தில் பிள்ளைகள் நிற்பார்கள்.