பாலில் போட்ட கரித்துண்டு

14-8-1971, சனி. திருவொற்றியூர்.

எட்டாம் மாதமே பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் சப்பிக் குடிக்கத் தெரியவில்லை. நான் பீய்ச்சிக் கொடுக்கும் பாலை வீட்டுக்காரர்தான் தினமும் ரயிலில் கொண்டுபோகிறார். இன்று வந்ததும் தூக்கைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"உள்ள கரித்துண்டு கீதுன்னு நர்சம்மா மொத்தத்தையும் கொட்டிட்டாங்க. கொயந்தைக்கு குளுகோஸ் தண்ணிதான் குடுத்தாங்க."

போட்டது மாமியார். "கரி போடாம பாலை வெளிய எட்த்துகினு போவாங்களா? கண்ணு பட்டா இன்னா பண்ணுவ?" என்று என்னையே அதட்டினார்.

அந்த அரை டம்ளருக்கு எனக்கு எவ்வளவு வலித்தது! இப்போதும் ரவிக்கை நனைகிறது. அவள் அங்கே வெறும் தண்ணீரோடு கிடக்கிறாள்.

நாளை நானே மூடிக் கொடுப்பேன், கரி கூடவே கூடாது என்று கத்திவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. இப்போதுதான் எழுந்துபோய், ஒரு கரித்துண்டைக் காகிதத்தில் சுற்றி அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டு வந்தேன்.