மெட்டுக்குப் பொருந்திய பெயர்

என் ஐடாவுக்கு,

நான் எழுதிய பாட்டு பிய்த்துக்கொண்டு போகிறது. நியூயார்க்கில் எந்தத் தெருவில் திரும்பினாலும், போர்முனையில் செத்துப்போகும் அந்தக் கற்பனைச் சிப்பாயைத்தான் பாடுகிறார்கள். மெட்டுக்குப் பொருந்துகிறதே என்று பிரான்சில் சண்டையிலிருக்கும் நம் மகன் வெர்னனின் பெயரை அவனுக்கு வைத்தேன்.

வெர்னனிடமிருந்து கடிதம் நின்றதும் பாட்டில் பெயரை மாற்றச் சொன்னேன். பாட்டை அச்சிட்டு விற்கும் பதிப்பாளர் சிரித்தார். "அட போய்யா, அந்தப் பேரு வர்ற இடத்துலதான் ஜனங்க அழுவுறாங்க!"

இன்று காலை அவர் அலுவலகத்துக்குள் நான் நுழைந்ததும் அவர் செய்தித்தாளைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். "பேர மாத்திடலாம்யா" என்றார், நான் வாய் திறக்கும் முன்பே.

ஏனென்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்துவிடுகிறேன். அதுவரை தந்தி என்று யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே.

உன் கணவன்