முதல் பரிசுக் குழந்தை

பையனோட அப்பாவுக்கு,

பம்பாய்ல இருந்து லீவுல வந்த தணிகாசலம், நீங்க குடுத்தனுப்பின இனிப்புப் பால் டப்பாவை நேத்து கொண்டாந்து வச்சார். உடைக்காம அவர் கையிலயே திருப்பி அனுப்பறேன்.

போன வருஷம் ஸ்ரீபெரும்புதூர்ல குழந்தைப் போட்டி வச்சி, கொழுகொழுன்னு இருக்கான்னு இவனுக்கு முதல் பரிசு குடுத்தாங்களே, அன்னிக்குப் பிடிச்சது சனி. உங்க அக்கா இவன் வாயைச் சும்மா விடறதில்லை. அழுதா பிஸ்கட்டு, சிரிச்சா பாயசம். ஊரு கண்ணு பட்டுடுமாம், இடுப்பை விட்டு எறக்க என்னை விடறதும் இல்லை. மூணு வயசு ஆகப்போகுது, வாசப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. டாக்டரம்மா என்னைத்தான் திட்டினாங்க. உங்களையா திட்டுவாங்க?

இனிமே நாம சாப்பிடற சோறும் கீரையும்தான் இவனுக்கு. தினம் ஏரிக்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிக்கினு போறேன். உங்க அக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கினு இருக்காங்க. இருக்கட்டும்.

இந்த வருஷமும் பரிசு வாங்கணும்னு எழுதறீங்களே, வெக்கமா இல்லை? யாரு லீவுல வந்தாலும் டப்பா மட்டும் தவறாம வருது.

நேத்து அந்த டப்பாவைக் கட்டிப் பிடிச்சிக்கினு, "அப்பா வந்தாச்சு"ன்னு சொல்றான் உங்க புள்ள.

இப்படிக்கு,
அவனைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிஞ்சவ