நான் சுடாத மனிதன்

பிப்ரவரி 4, செவ்வாய்

ஒஹாயோ ஆற்றிலிருந்து காலையிலேயே காற்று. கார் கண்ணாடியில் இறுகிய பனியைச் சுரண்டுவதற்குள் விரல் மரத்துவிட்டது. டேலுக்குப் பல்வலி, ரோந்து முழுக்கப் பக்கத்து சீட்டில் முனகிக்கொண்டே வந்தான். ஒன்பது வருடமாக ஒரே போலீஸ் காரில் சுற்றுகிறோம். என் விவாகரத்தை முதலில் சொன்னதுகூட இவனிடம்தான்.

பிப்ரவரி 6, வியாழன்



மில் தெருவிலிருந்து ஒரு பெண் போன் செய்திருந்தாள். கணவன் கர்ட் மெலிக் பல நாளாகத் தூங்கவில்லை, யாரோ கொல்ல வருவதாகச் சொல்லிக் கத்தியோடு நிற்கிறான் என்று. போனோம். வாசல் பனியில் வெறுங்காலோடு நின்றான்.

"சுடுங்க! சுட்டுத் தள்ளுங்க!"

டேல் துப்பாக்கியை நீட்டிவிட்டான். "சுடாத டேல், பின்னால வா" என்றேன். அரைமனதாக வந்தான். காருக்குப் பின்னால் நின்று பேச்சுக் கொடுத்தேன். "கர்ட், கால் ஜில்லுனு இல்லயா? உள்ளேருந்து ஷூ எடுத்தாரச் சொல்லவா?"

பேசப் பேச அழ ஆரம்பித்தான். கத்தி தாழ்ந்தது. அடங்கிவிட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நான் "இரு" என்று சொல்வதற்குள் டேல் கைவிலங்கோடு முன்னே போய்விட்டான். கத்தி அவன் முன்கையைக் கிழித்தது. அப்போதும் நான் சுடவில்லை. கர்ட்டைத் தள்ளி மேலே விழுந்து அமுக்கினேன்.

மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அதுதானே என் வேலை?

பிப்ரவரி 7, வெள்ளி

டேலைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் மனைவி ஷீலா கதவை மறித்து நின்றாள். "அவரு தூங்குறாரு, நோரீன்."

உள்ளே டேலின் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

மதியம் ஸ்டேஷனில் மற்றவர்கள் சாப்பிடும் மேசையில் தட்டோடு போய் உட்கார்ந்தேன். பிராடி எழுந்தான். "தள்ளிப் போயிரலாம்ப்பா. நமக்குக் குத்து விழுந்தா இவ குத்துனவனுக்குத் தாலாட்டுப் பாடுவா." மேசையே காலியாகிவிட்டது.

கேப்டன் கூப்பிட்டனுப்பினார். "சுட்டிருந்தா ஒருத்தனும் உன்னக் கேட்டிருக்க மாட்டான். சுடல. அதுக்குத்தான் விசாரணை."

மார்ச் 3, திங்கள்

ஒரு குடிகாரச் சண்டை. வயர்லெஸ்ஸில் துணைக்கு ஆள் கேட்டேன். எல்லாருக்கும் கேட்டிருக்கும். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பக்கத்து ஊர் வண்டிதான் வந்தது.

மார்ச் 19, புதன்

சுடுவதற்கு முன் விலகி நிற்க வேண்டும், பேசிப் பார்க்க வேண்டும், அவசரப்படும் சக போலீஸைத் தடுக்க வேண்டும் என்று நகரசபையில் ஒரு விதி கொண்டுவருகிறார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். "வீட்டுச் சண்டைய ரோட்டுக்கு இழுக்காத" என்றார் போலீஸ் சங்கத்து கஸ். போனேன். நடந்ததை மட்டும் சொன்னேன்.

வெளியே வரும்போது ஒரு கறுப்பினப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருடம் முன் நம் ஆட்கள் சுட்டுக் கொன்ற டெரல்லின் அம்மா. "எம் பையன் கையில வெறும் ஸ்க்ரூடிரைவரும்மா. அன்னிக்கு நீ வந்திருக்கக் கூடாதா?"

அன்றைக்கு எனக்கு லீவு. அவள் கையை விடும்வரை அங்கேயே நின்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வேலை போயிற்று. கூட இருந்தவனை ஆபத்தில் விட்டேனாம்.

பேட்ஜையும் துப்பாக்கியையும் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நடையில் டேல் நின்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"எனக்குப் புள்ளைங்க இருக்கு, நோரீன்."

"தெரியும். கர்ட்டுக்கும் ஒரு பொண்ணு இருக்கு."

காரில் உட்கார்ந்து அழுதேன். ஒன்பது வருஷம்டா டேல். ஒரு வார்த்தை — நான் போய் மாட்டிக்கிட்டேன், அவ மேல தப்பில்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ?

ஜூன் 17, செவ்வாய்

விதி ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. முட்டை பொரித்துக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் சொன்னார்கள். யாருக்காவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போனைக் கையில் எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. முட்டை கருகிவிட்டது.

செப்டம்பர் 20, சனி

வேலைக்குச் சேர்ந்த ஹார்ட்வேர் கடையில் கூட்டம். இந்த பெயின்ட், ஆணி வாசனை இப்போது பழகிவிட்டது.

மதியம் கர்ட் மெலிக் வந்தான். சற்றுப் பருத்திருக்கிறான், பேச்சு மருந்தில் மெதுவாகியிருக்கிறது. கூட அவன் மகள். அவளுடைய அறைக்குப் பெயின்ட் வேண்டுமாம்.

"ரோஸ் நல்லாருக்கும்ல?"

"அப்பா, நான் என்ன கைக்குழந்தையா? மஞ்சள்!"

"சரி தாயே, மஞ்சள்."

பில் போடும்போது என்னை உற்றுப் பார்த்தான். "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே?"

"இந்தக் கடையிலதான் பாத்திருப்பீங்க" என்றேன். "ரெண்டு தடவ அடிங்க. மொத தடவ திட்டுத் திட்டாத்தான் தெரியும்."

டப்பாவை அவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன் போல.

"ஏம்மா, ஸ்க்ரூ எந்தப் பக்கம்?" என்றார் அடுத்து நின்ற பெரியவர்.

கூட்டிப்போய்க் காட்டினேன்.