கோட்டைக்குப் பிறகு

முல்லைத்தீவு,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள நிதர்சனாவின் அப்பாவுக்கு,

மாதாவின் காவலில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நேற்று வவுனியாவில் நடந்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கறிக்கு உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. பதறாமல் வாசியுங்கோ.

மகள் சதுரங்கப் போட்டிக்குப் போனாள். தேனுகா ரீச்சர்தான் பெயர் கொடுத்தவா. எங்கள் பள்ளிக்கூடத்தில் இதை விளையாட வேறு பிள்ளைகள் இல்லை. இவள் உங்கள் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியே காய் நகர்த்துவதை அவா கண்டிருக்கிறா. தோற்றவர் வெளியே, வென்றுகொண்டே போனால் கடைசியில் கொழும்புக்கு அனுப்புவார்கள் என்று சொன்னா. கொழும்பு என்றதும் இவளுக்கு நித்திரை இல்லை. அப்படியே சிறைச்சாலைக்கும் வந்து உங்களைப் பார்க்கலாம் என்று சட்டைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

முதல் ஆட்டமே போன வருசம் வென்ற பிள்ளையோடு. எங்கள் ஆளுக்கு வெள்ளை. நீங்கள் பழக்கினபடி இடது ஓரத்துக்கு அடுத்த காலாளை இரண்டு கட்டம் தள்ளினாள். இப்படியும் தொடங்குவார்களா என்று பக்கத்தில் நின்ற ஒரு சேர் சிரித்தார். அந்தப் பிள்ளை நடுக் காலாளை முன்னுக்கு வைத்தது. இவள் காலாள் விட்ட இடைவெளியில் ஆயரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். (கடிதம் பார்க்கிற ஐயாவுக்கு: ஆயர் என்பது பிஷப் காய். வேறு ஆள் இல்லை.) அந்தப் பிள்ளை இவள் முதலில் தள்ளின காலாளை வெட்டியது. அவ்வளவுதான். எங்கள் ஆயர் ஒரே சாய்கோட்டில் நடுக் காலாளை வெட்டி, அங்கால் இன்னொரு காலாளை வெட்டி, மூலையில் நின்ற கோட்டையையும் எடுத்தார். சிரித்த சேர் கதிரையைவிட்டு எழும்பிவிட்டார்.

உடனே நிதர்சனா எழும்பிக் கையை நீட்டினாள். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் முழித்துப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்தது. தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நடுவர் மற்றப் பிள்ளை வென்றதாகச் சொன்னார். எனக்குக் காது பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன். ரீச்சர் ஓடிப்போய்க் கேட்டா. பாதி ஆட்டத்தில் கை கொடுத்தால் தோல்வியை ஒத்துக்கொண்டதாம். ஒரு முழுக் கோட்டை முன்னுக்கு நின்ற பிள்ளை ஏன் எழும்பியது என்று நடுவரும் திகைத்துப் போனார். அப்பாவோட இப்பிடித்தான் முடிக்கிறது எண்டு இவள் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மாதம் ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு நகர்த்தல். ஒவ்வொரு முறையும் அவள் கோட்டையை எடுத்ததும் நீங்கள் எழுதுவது ஒன்றுதான்: கெட்டிக்காரி, கை தா, மிச்சத்தை நான் வீட்டை வந்தபிறகு விளையாடுவம். பிறகு புது ஆட்டம். அவள் தவழ்ந்த வயதில் உங்களைக் கொண்டுபோனார்கள். அவளுக்கு நீங்கள் எழுதினதுதான் சட்டம். கோட்டையோடு எல்லா ஆட்டமும் முடியும் என்றே பிள்ளை வளர்ந்திருக்கிறது.

எனக்கு உங்களில் கோபம்தான். மறைக்கமாட்டேன். கரைவலை இழுத்தால் மீன் விழுந்த மடி கரைக்கு வரும்வரை கயிறை விடாத மனிசன் நீங்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று இரவெல்லாம் யோசித்தேன். வந்துவிடுவேன் என்று ஒவ்வொரு மாதமும் நம்பினீர்கள். நானும் நம்பித்தானே அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

கூரையின் பின்பக்கத் தகரத்தை அண்ணா மாற்றித் தந்தார். களப்பில் இறால் படுகிறது. லோயர் வெள்ளிக்கிழமை போன் எடுத்தவர். பொதுமன்னிப்புப் பட்டியலில் இந்த முறையும் உங்கள் பெயர் இல்லையாம். மகளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

அவள் அழவில்லை. பஸ்ஸில் வரும்போது, ஒரு ஆட்டம் உண்மையில் எப்படி முடியும் என்று கேட்டாள். எனக்கு எங்கே தெரியும். வந்தவுடன் பலகையை அலுமாரிக்கு மேல், நேற்று விட்டபடியே அடுக்கி வைத்திருக்கிறாள். மூலையில் கோட்டை நின்ற கட்டத்தில் ஆயர் நிற்கிறார். கறுப்பு உங்களுடையதாம்.

மாதா உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். மருந்தை விடாமல் போடுங்கோ. அடுத்த கடிதத்தில் கறுப்பின் நகர்த்தலை எழுதி அனுப்புங்கோ, அதற்கடுத்த மாதம் அதற்கடுத்ததை. எத்தனை வருசம் போனாலும் பரவாயில்லை. மிச்சத்தை இனி வீட்டுக்கு என்று வைக்காதேங்கோ, அப்பா.

உங்கள்,
புனிதமலர்